அகில் வாசனையில் சம்பந்தம் பேசப் போனது

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் யாழினி, ஓட்டலில் இரண்டு குடும்பத்தாரும் சாப்பிட உட்கார்ந்திருந்த மேஜையில் எழுந்து நின்று என்னைப் பாராட்டினாள். அவளுக்குக் கல்யாணமாகி முதல் வருஷம் நிறைந்த நாள் அது. கணவன் சேத்தனைப் பற்றி நாலு வார்த்தை, மாமியார் சாரதம்மாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பா ஒரு வாக்குக் குடுத்தாரு. இன்னைக்கு வரைக்கும் காப்பாத்திட்டிருக்காரு. அது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும். ரொம்பப் பெருமையா இருக்கு ப்பா."

எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் தண்ணீர் ஊற்ற வந்தவரும் ஜாடியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். நான் எலுமிச்சை ஜூஸ் டம்ளரைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

அவள் பாராட்டியது நான் குடியை விட்டதற்காக. விஷயம் என்னவென்றால், நான் குடித்ததே கிடையாது. இருமல் மருந்தில் கலந்திருப்பது கணக்கில் வராது என்றால், ஐம்பத்திரண்டு வயதுக்குள் ஒரு சொட்டுகூட இல்லை. அப்படிப்பட்டவன் எப்படி ஒரு சபையில் மனம் திருந்தியவனாகக் கைதட்டல் வாங்க முடியும் என்று கேட்பீர்கள். ஒரு வாசனைத் திரவியத்தால் முடியும்.

2

திண்டிவனத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவன் தன்னைப் புலம்பெயர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டால், கனடாவில் பனி அள்ளிக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பார்கள். பஸ்ஸில் தூங்கி எழுந்தால் ஊர் வந்துவிடும். திண்டிவனம் எல்லோரும் வழியில் இறங்கி டீ குடித்துவிட்டுப் போகிற ஊர். நானும் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அது நடந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

வந்த புதிதில் ஸ்ரீராம்புரத்தில் ஒரு அறை. அங்கே கன்னடம் தேவைப்படவில்லை. தெருவில் சண்டை, சமாதானம், காய்கறி எல்லாம் தமிழில்தான். பிறகு வேலைக்குப் பக்கமாக தொம்மலூர். அங்கேயும் தேவைப்படவில்லை. "கன்னட பருத்தா ஸார்?", கன்னடம் வருமா என்று யாராவது கேட்டால், "ஸ்வல்ப ஸ்வல்ப" என்பேன். வந்த முதல் மாதமும் அதைத்தான் சொன்னேன். இன்றும் அதே ஸ்வல்பம்தான், வளரவில்லை. இதில் இந்த ஊர்க்காரர்களின் நல்ல குணத்துக்கும் பங்கு உண்டு. மின்சார இணைப்பில் பெயர் மாற்றுவதற்காக ஒரு அலுவலகத்துக்குப் போய், வீட்டிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போன கன்னட வாக்கியத்தை ஆரம்பித்தேன். வினைச்சொல் வருவதற்குள் அங்கிருந்த அம்மாள் பொறுக்க முடியாமல், "தமிள்லயே சொல்லுங்க ஸார், லஞ்ச் டைம் ஆகுது" என்றார். நான் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தமிழுக்கு வந்துவிடுகிறார்கள். அப்புறம் எங்கிருந்து கன்னடம் வரும்?

யாழினி இங்கேயே பிறந்தவள். சிநேகிதிகளோடு கன்னடம், படிப்பும் வேலையும் இங்கிலீஷ், எங்களோடு தமிழ். அவளுக்குத் தூய தமிழில் பெயர் வைத்து நான் என் கடமையை முடித்துக்கொண்டேன். அந்த ழகரத்தோடு இந்த ஊரில் மல்லுக்கட்டுகிற வேலை அவளுடையது. பள்ளியில் யாலினி, ஆபீசில் யாஸினி. எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

3

வாசனைக்கு வருகிறேன். என் ஐம்பத்தோராவது பிறந்தநாளுக்கு யாழினி ஒரு கறுப்புப் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். சதுரமாக, கனமாக, பேப்பர் வெயிட் மாதிரி இருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனதும் முதலில் வந்தது அகில் கட்டை. அதன் பின்னால் சாம்பிராணிப் புகை, கிராம்பு, பழைய மர பீரோவைத் திறந்தால் வருமே, அது. எல்லாவற்றுக்கும் அடியில் பாகு காய்ச்சிய மாதிரி ஒரு இனிப்பும் ஒரு காரமும். பழைய பாட்டுகளில் பெண்கள் கூந்தலுக்கு அகிற்புகை காட்டிக்கொண்டார்கள் என்று படித்திருக்கிறேன். எனக்குப் புகை காட்டும் அளவுக்குக் கூந்தல் இல்லாததால் கழுத்தில் அடித்துக்கொண்டேன்.

"அப்பா, இது பகல்ல போடறது இல்ல. சாயங்காலத்துக்கு, விசேஷத்துக்கு மட்டும். ரெண்டே தடவை அடிச்சா போதும்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை அலங்காரம் முகப்பவுடரோடு முடிந்துவிடும். கல்யாணத்துக்குப் போனால் வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், சந்தனம் கொடுப்பார்கள். வாசனை என்பது விருந்து கொடுப்பவர் செலவு. சொந்தமாக செண்ட் அடித்துக்கொண்டு வருகிற ஆளைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். துபாய்க்குப் போய் வந்தவனா, அல்லது எதையோ மறைக்கிறானா என்று. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எனக்கு அந்தப் பாட்டில் பிடித்துவிட்டது. அதை அடித்துக்கொண்டால் யாரோ எனக்காகக் கார்க் கதவைத் திறந்துவிடப்போகிறார்கள் என்று தோன்றும். என் மனைவி வசந்திக்கு அப்படித் தோன்றவில்லை. "கர்ப்பக்கிரகத்துல டீசல் கொட்டின மாதிரி இருக்கு" என்றாள்.

அதில் ஒரு தொல்லை உண்டு. அடித்த கொஞ்ச நேரத்தில் நம் மூக்குக்கு அது பழகிவிடும். நமக்கு வாசனை போய்விட்டது என்று தோன்றும். மற்றவர்களுக்குப் போயிருக்காது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

4

யாழினி தன்னோடு வேலை பார்க்கும் சேத்தனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். ராஜாஜிநகரில் வீடு. கன்னடக் குடும்பம். அப்பா கிருஷ்ணமூர்த்தி அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சாதி, ஜாதகம், மொழி எல்லாவற்றையும் அவர்கள் தாண்டி வந்துவிட்டார்கள். ஒரே ஒரு விஷயத்தில்தான் அம்மா சாரதம்மா பிடிவாதமாக இருந்தார். குடிக்கிற வீட்டில் சம்பந்தம் கிடையாது. அவருடைய தம்பி குடித்துக் குடித்தே செத்துப்போனவர். சேத்தனுக்கு முன்பு பார்த்த ஒரு பெண்ணை, பெண்ணின் சித்தப்பா குடிப்பார் என்று கேள்விப்பட்டு வேண்டாம் என்றிருக்கிறார்.

யாழினி அங்கே போய் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறாள்: "எங்கப்பாவா? பஞ்சாமிர்தம் புளிச்சிருந்தா அதையே தொடமாட்டாரு." அந்தச் சான்றிதழின் பலத்தில்தான் எங்களை ஒரு சாயங்காலம் அழைத்தார்கள்.

சாயங்காலம். விசேஷம். இரண்டும் பொருந்தியதால் வீட்டிலேயே அடித்துக்கொண்டேன். இரண்டு தடவைக்கு மேல் இருக்கும். தொம்மலூரிலிருந்து ராஜாஜிநகர் போவதற்குள் நகரத்தின் எல்லா சிக்னலையும் பார்த்துவிட்டோம். அவர்கள் தெருமுனையில் வசந்தியும் யாழினியும் பழமும் பூவும் வாங்க இறங்கினார்கள். நான் காரில் தனியாக உட்கார்ந்திருந்தேன். முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. போட்டதெல்லாம் டிராஃபிக்கில் போய்விட்டதே என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்து, ஏசிக்காகக் கண்ணாடி ஏற்றியிருந்த காருக்குள், கழுத்து, சட்டை, மணிக்கட்டு என்று தாராளமாக அடித்தேன். கொஞ்சம் கண்ணில் பட்டது. தேய்த்தேன். இரண்டு கண்ணும் சிவந்துவிட்டன.

இப்போது என்னை சாரதம்மாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். கண்கள் சிவந்த ஒருவன் வாசலில் வருகிறான். அவர்கள் வீட்டு வாசற்படி உயரம். அதில் இடறிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறான். "நமஸ்காரா" என்று ஆரம்பித்து, மனப்பாடம் செய்த கன்னட வாக்கியத்தை, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் கண்ணை மூடித் தேடித் தேடி, இழுத்து இழுத்துப் பேசுகிறான். அவனிடமிருந்து ஸ்பிரிட்டும் பாகும் கிராம்பும் அலையலையாக வருகின்றன.

காப்பி கொடுக்கக் குனிந்த சாரதம்மா அப்படியே நின்றார். டம்ளரை என் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் யாழினியை உள்ளே கூப்பிட்டார். அவள் திரும்பி வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்தாள். சேத்தன் தரையைப் பார்த்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கன்னடம்தான் காரணம் என்று நினைத்து இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன்.

5

கிருஷ்ணமூர்த்திதான் எழுந்தார். "பன்னி ஸார், வாங்க, மாடில நம்ம செடியெல்லாம் இருக்கு, பாக்கலாம்" என்று என் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனார். சில வருஷம் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர் என்பதால் நல்ல தமிழ் பேசுவார்.

மொட்டை மாடியில் கதவைச் சாத்திவிட்டு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ஸார் நீங்க. இன்னைக்குப் போயி போட்டுட்டு வருவாங்களா? அதுவும் செண்ட் அடிச்சா தெரியாதுன்னு யாரு சொன்னா உங்களுக்கு? செண்ட் அடிச்சாத்தான் ஸார் டவுட்டே வரும்."

எனக்குத் தலையில் எதுவோ இறங்கியது. காப்பி டம்ளர், காலண்டர், தரை எல்லாவற்றுக்கும் அர்த்தம் புரிந்தது. "ஐயோ, நான் குடிக்கிறதில்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தினார். அதன் பின்னால், சுவர் இடுக்கில், துணி சுற்றி ஒரு பாட்டில் இருந்தது.

"இங்கதான் நான். சாயங்காலம் தண்ணி ஊத்தறேன்னு வருவேன். அப்புறம் நாலு கறிவேப்பிலை மெல்லுவேன். வருஷக்கணக்கா அவளுக்குத் தெரியாது, பையனுக்குத் தெரியாது. யார்கிட்டயும் வாய் தொறந்ததில்ல ஸார். இன்னைக்கு உங்களப் பாத்ததும் ஒரு தைரியம். நமக்கும் ஒரு ஆளு இருக்குன்னு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஒரு பாரம் இறங்கிய களை. அந்தக் கையை உதறி, "மன்னிக்கணும், எனக்குப் பழக்கமில்லை, இது என் மகள் வாங்கித் தந்த செண்ட்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? பெண் வீட்டுக்காரனிடம், முன்பின் தெரியாதவனிடம், ஒரு மனுஷன் தன் ரகசியத்தைத் தொட்டியோடு நகர்த்திக் காட்டிவிட்டார். காலம் முழுக்க ஒவ்வொரு பண்டிகைக்கும் அவர் என்னைச் சாட்சியாகப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட சம்பந்தியை யார் சேர்த்துக்கொள்வார்கள்? இதையெல்லாம் அப்போதே யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்குத் தைரியம் வரவில்லை. தலையாட்டினேன்.

"நீங்க எது எடுப்பீங்க?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

எனக்கு ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. "எது கிடைக்குதோ அது" என்றேன். அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

6

கீழே வந்தபோது சாரதம்மா கூடத்தில் தர்மஸ்தல மஞ்சுநாதன் படத்தின் முன்னால் விளக்கேற்றிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கத்தில் வேறு எங்கே பொய் சொன்னாலும் அந்தப் பெயரில் ஆணையிட்டுப் பொய் சொல்ல மாட்டார்கள். அவர் யாழினியிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு தமிழில் என்னிடம் சொன்னாள், வழக்கமாக எனக்குக் கன்னடத்தில் வரும் அலுவலகக் கடிதங்களைப் படித்துச் சொல்வது போல, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல்.

"அப்பா, அவங்க கேக்கறாங்க. நீங்க குடிப்பீங்களான்னு. பொய் சொல்ல வேண்டாமாம். அவங்க தம்பியும் இப்படித்தான் செண்ட் அடிச்சுட்டு வருவாராம். சாகற வரைக்கும் இல்லவே இல்லன்னுதான் சொன்னாராம்."

இல்லை என்று சொன்னால் நான் அந்தத் தம்பி. ஆமாம் என்றால் குடிகாரன். பின்னால் மாடிப்படியில் கிருஷ்ணமூர்த்தி வெளுத்துப்போய் நின்றார். வசந்தி, "அட, இவராவது" என்று ஆரம்பித்தாள். நான் அவள் காலை மிதித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை மிதித்தது அதுதான் முதல் தடவை. அவள் நிறுத்திக்கொண்டது மிதியால் அல்ல, ஆச்சரியத்தால்.

"எப்பவாவது" என்றேன்.

யாழினி அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை, சாரதம்மாவுக்கு அந்த அளவு தமிழ் தெரிந்திருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி தொடமாட்டேன் என்று மஞ்சுநாதன் மேல் ஆணையிடச் சொன்னார். தாம்பாளத்தில் இருந்த தேங்காய் மேல் கை வைத்து, நான் சொல்லச் சொல்ல யாழினி கன்னடத்தில் சொல்ல, ஆணையிட்டேன். என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே சபதம் அது. அதில் என் முயற்சி ஒன்றும் இல்லை.

"ஒப்புக்கிட்ட ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று சாரதம்மா தமிழிலேயே சொன்னார். "இப்படி இருக்கறவங்க வீட்டுப் பொண்ணு நமக்கு வேணும்."

தாம்பூலம் மாற்றிக்கொண்டோம். எனக்குத் தட்டைக் கொடுத்த கிருஷ்ணமூர்த்தி அதை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். நியாயமாகப் பார்த்தால் ஒப்புக்கொள்ள வேண்டியவர் அவர், பாராட்டு எனக்கு.

திரும்பும்போது யாழினி பின் சீட்டில் உட்கார்ந்தாள். சம்பந்தம் நிச்சயமான பெண் அழுதுகொண்டு வந்தாள். ஸ்ரீராம்புரம் பக்கம் வந்ததும் கேட்டாள்.

"எவ்ளோ நாளா ப்பா?"

"விடும்மா. அதான் விட்டாச்சே."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

வசந்தி சாலையைப் பார்த்தபடி, "வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்றாள்.

வீட்டில் யாழினி தூங்கப் போனபின் வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கறிவேப்பிலைத் தொட்டி வரை வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்போ அவ கண்ணுக்கு நீங்க குடிகாரரா?" என்றாள்.

"கல்யாணம் முடியட்டும், சொல்லிடலாம்."

"முடிஞ்சப்புறம் அந்த மனுஷன் அவளுக்கு மாமனாரு. ஒரே வீட்டுல இருப்பா. அப்போ எப்படிச் சொல்லுவீங்க?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. வசந்தி யோசித்துவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை.

7

யாழினி அந்தக் கறுப்புப் பாட்டிலை என் மேஜையிலிருந்து எடுத்துப் போய்விட்டாள். "இது இனிமே வேண்டாம் ப்பா, யாராவது தப்பா நினைப்பாங்க" என்றாள், தப்பாக நினைத்தவளே. அவள் கல்யாண ரிசப்ஷனுக்கு நான் முகப்பவுடர் போட்டுக்கொண்டுதான் நின்றேன். திண்டிவனத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள், இத்தனை வருஷம் பெங்களூரில் இருந்தும் இவன் மாறவே இல்லை என்று மெச்சினார்கள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம். வீட்டுக்குள் வந்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். இப்போதும் மாமியார் வீட்டிலிருந்து வந்தால் கட்டிக்கொள்கிறாள். ஆனால் ஒரு நொடி கூடுதலாக. அந்த ஒரு நொடியில் மூச்சை மெல்ல உள்ளே இழுக்கிறாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவள் தோள் தளர்கிறது. அவள் நிம்மதி அடைவதைத் தாங்கிக்கொள்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பரீட்சையில் பாஸ் ஆகிறேன். எழுதவே எழுதாத பரீட்சை.

கைதட்டல் நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து கிருஷ்ணமூர்த்தி போன் செய்தார். மாடியில் நின்று பேசுகிறார் என்று காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"ஸார், அன்னைக்கு அந்தப் பொண்ணு உங்களப் பத்திப் பேசினப்போ எனக்குச் சோறு எறங்கல. நீங்க எனக்காகவும் சேத்து ஆணை பண்ணீங்க. நான் இங்க வந்து தொட்டிய நகத்தறேன். எப்படி ஸார் விட்டீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க. நேத்து தொடல. கை நடுங்குது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது என் உண்மையை அல்ல, ஒரு வழியை. நான் குடித்ததே இல்லை என்றால், இவராலேயே முடிந்ததே என்று அவர் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கயிறும் அறுந்துவிடும். திடீரென்று நிறுத்துவது ஆபத்து, டாக்டரைப் பார்க்காமல் எதுவும் செய்ய வேண்டாம், நானும் கூட வருகிறேன் என்றேன். போனோம். லிங்கராஜபுரத்தில், இரண்டு பேருக்கும் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு டாக்டர். அவர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, கூட வந்த எனக்கும் ஒரு வார்த்தை சொன்னார்: "நீங்க விட்டதால இவருக்கு நம்பிக்கை வந்திருக்கு. பெரிய விஷயம் ஸார்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார். வெளியே வந்ததும் கிருஷ்ணமூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பாட்டிலை வடிகாலில் ஊற்றிவிட்டாராம். தொட்டி மட்டும் இருக்கிறதாம்.

ஆகவே இனி இதை யாரிடமும் சொல்வதற்கில்லை. சாரதம்மாவிடம் சொல்ல முடியாது, சேத்தனிடம் முடியாது, யாழினியிடம் முடியவே முடியாது. ஊரில் இருந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. இவ்வளவு தைரியமாக அச்சில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் தமிழ் பேசுவதைப் புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள், படிக்கிறவர் யாரும் இல்லை. என் மகளுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. நான் கற்றுக் கொடுக்கவில்லை.

என் கட்டுரை வெளிவரும்போதெல்லாம் பத்திரிகையை வாங்கிக்கொண்டு போவாள். என் பெயர் இருக்கும் பக்கம் எது என்று அம்மாவிடம் கேட்டு, அதை மட்டும் போட்டோ எடுத்து, இரண்டு குடும்பமும் இருக்கும் வாட்ஸப் குழுவில், அப்பா எழுதியது என்று போட்டு ஒரு பூவும் வைப்பாள். சம்பந்தி உடனே கும்பிடுவார்.

இதையும் போடுவாள்.